பாதியில் மூடிய லேப்டாப்

“ஒழுங்கா ஒத்துக்கிட்டா வேலையோட போயிடும்யா. இல்லேன்னா போலீஸ்தான்!”

மேனேஜர் மேசையைத் தட்டியதில் தண்ணீர் டம்ளர் துள்ளியது. மின்விசிறிக் காற்றில் காகிதங்களெல்லாம் படபடத்தன. மேனேஜரின் கருகரு கிராப்பு மட்டும், அவர் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் நேர்மையைப் போல, இம்மியும் அசையவில்லை.

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். “சத்தியமா நான் எடுக்கலீங்கய்யா. அந்த ஆபீஸ் லேப்டாப்பை எந்தப் பக்கம் திறக்கணும்னுகூட எனக்குத் தெரியாது.”

“திருடுறதுக்குத் திறக்கத் தெரியணுமா?”

மூலையில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சர்வீஸ் பெண் திரும்பினாள். ஆபீஸின் வேலைப் பட்டியல் ஆப்பில் ஏதேதோ குப்பை சேருகிறது என்று, பக்கத்து மேசை அக்கவுன்டன்ட் அம்மாள் அவளை வரவழைத்திருந்தாள்.

“சார், குப்பை எப்படி வருதுன்னு தெரிஞ்சிடுச்சு. நாம ஒரு வேலையைக் குறிச்சா, ஆப் முதல்ல ஒரு தற்காலிக ஃபைல்ல எழுதும். முடிச்சதும் அதுவே அழிச்சிடும். பாதியில டப்புனு மூடிட்டா அது அப்படியே தங்கிடும். சிங்க் ஆகுறப்போ, அதாவது மெஷினெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறப்போ, எல்லா மெஷினுக்கும் வந்துடும்.”

“சரி, அழிச்சிட்டுக் கிளம்பும்மா.”

“ஃபைல் பேர்லயே மெஷின் பேரும் இருக்கு சார். எல்லாமே அந்தக் காணாமப்போன லேப்டாப்லேருந்துதான் வருது. நேத்துகூட.”

வாட்ச்மேனுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: திருடன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான், பழி தன் தலையில். மனைவி முகமும் லாக்கப் கம்பியும் கண்ணுக்குள் மாறி மாறி வந்தன.

“அழிச்சிடும்மா,” என்றார் மேனேஜர். குரல் இறங்கியிருந்தது. கத்துகிற மேனேஜரைவிட மெதுவாகப் பேசுகிற மேனேஜர்தான் பயங்கரம்.

“வேணாம் தாயி, அழிச்சிடாதே!” வாட்ச்மேனின் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. “என்ன எழுதியிருக்குன்னு படி. ஜெயிலுக்குப் போறதுதான் போறேன், எதுக்காகப் போறேன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போறேன்.”

“அதெல்லாம் ஆபீஸ் ரகசியம்யா!”

“ரகசியமா? நீ படிம்மா,” என்றாள் அக்கவுன்டன்ட் அம்மாள்.

சர்வீஸ் பெண் ஃபைலைத் திறந்தாள். “பாதிதான் இருக்கு. ‘இந்த லேப்டாப்பை இவர் யாருக்கும் காட்டக் கூடாதுங்கிறார். ஞாயித்துக்கிழமை மறக்காம இவரோட டோப்பாவை ஷாம்பு போட்டு அலசி...’ அவ்வளவுதான்.”

“இது யாரோட வீட்டம்மாவோ எழுதினதாச்சே!” என்றாள் அக்கவுன்டன்ட் அம்மாள்.

வாட்ச்மேன் மெல்லத் தலையை நிமிர்த்தினார். இம்மியும் அசையாத அந்தக் கிராப்பை மேனேஜர் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தார்.