கொடியில் கவுனும் கைலியும்

நைஜீரியத் துணியில் தைத்த அந்தப் புதுக் கவுனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்லூரி விழாவில் பத்துப் பெண்களாவது, "எங்கேடி வாங்கினே?" என்று அதைப் போட்டிருந்த பூவிழியைக் கேட்டிருந்தார்கள். மறுநாள் துவைத்துக் கொடியில் போட்டபோது, பக்கத்தில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த கட்டம் போட்ட துணியைப் பார்த்துக் கவுன் திடுக்கிட்டது.

"நீங்களா? எங்க நைஜீரியாவுல, இங்கேர்ந்து கப்பல்ல வர்ற உங்களை மாதிரிக் கட்டம் போட்ட துணியைக் கல்யாணத்துக்குத்தான் பெட்டியிலேர்ந்து எடுப்பாங்க."

"அப்படியா? நான் பக்கத்து ஊர்த் தறியில பொறந்தேன். அஞ்சு வருஷம் கைலியா இருந்தேன். இப்பத் தரை துடைக்கிறேன்," என்றது அது. "ஆமா, உன்னை உங்க ஊர்ல எப்ப உடுத்துவாங்க?"

"தினமும்தான். சந்தைக்குப் போகும்போது."

"கிழிஞ்ச பிறகு?"

காற்று வந்த சாக்கில் கவுன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.