லிஃப்ட்டுல புனுகு

"லிஃப்ட்டுல யாரு சார் இந்த வேலையப் பார்த்தது?"

அப்பார்ட்மெண்ட் செக்ரட்டரி இப்படித்தான் மீட்டிங்கை ஆரம்பிச்சாரு. கேள்வி பொதுவுல வந்தாலும் எல்லாரும் திரும்பினது மூக்கர் பக்கம்.

மூக்கர் சென்ட் செய்யறவர். அதுலயே தலை நரைச்சவர். வீட்டுல ஒரு ரூம் முழுக்க பாட்டில். ஊர்ல பாதிப் பேர் அவர் சென்ட்டைத்தான் அடிச்சுக்கறாங்க. அவர் சம்சாரத்துக்கு மட்டும் பவுடர் பூசக்கூட அனுமதி இல்ல. மூக்கு குழம்பிடுமாம்.

லிஃப்ட்டுல அடிக்கிற நாத்தம் ஃபினாயில் ஊத்திக் கழுவியும் போகலை, என்ன நாத்தம்னும் சொல்ல முடியலை, அப்போ அந்தப் பாட்டில் ரூம்தான் காரணம்னு செக்ரட்டரி அடிச்சுச் சொன்னாரு. இனிமே அது இந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாதாம்.

வீட்டுக்காரர் ரெண்டு வாரமா ரூமையே திறக்கலைன்னு சொல்ல சம்சாரம் எழுந்தாங்க. மூக்கர் முந்திக்கிட்டாரு.

"என்னுதுதாங்க. புனுகு சிந்திடுச்சு. பச்சைப் புனுகு அப்படித்தான் நாறும்."

ரூமைக் காலி பண்றதுக்கும் தலையாட்டிட்டாரு.

வீட்டுக்குள்ள வந்ததும் அந்தம்மா பிடிச்சுக்கிட்டாங்க.

"பேரப்பசங்க படுக்க இடமில்ல, அந்த ரூமைக் கொடுங்கன்னு எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன்? அசைஞ்சு கொடுத்தீங்களா? அந்தாளு ஒரு அதட்டல் போட்டான், தூக்கிக் கொடுத்துட்டீங்க. புனுகு சீல்கூட உடைக்காம அலமாரியில இருக்கு!"

மூக்கர் பாட்டிலையெல்லாம் பேப்பர்ல சுத்திக்கிட்டிருந்தாரு. சுத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் திறந்து ஒருதடவை மோந்தாரு. அதைப் பார்க்கப் பார்க்க அந்தம்மாவுக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு.

"அது என்ன நாத்தம்னாவது தெரியுமா?"

"மூத்திரம். வயசானவரோடது. மாத்திரை நிறைய சாப்பிடறவர்."

"யாருன்னும் தெரியுமோ?"

"ம்."

"அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா நாளைக்கே பெரியவரை ஹோம்ல கொண்டுபோய் விட்டுடுவான் பையன். படுக்கையில ஒருதடவை போனதுக்கே மிரட்டியிருக்கான். லிஃப்ட்டைத் துடைக்கக் குனிய முடியாம நின்னு அழுதார், நான்தான் துடைச்சேன்."

அந்தம்மா ஒரு பேப்பரை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல உட்கார்ந்தாங்க.

"பெத்த அப்பனை மிரட்டற அந்தப் புண்ணியவான் யாரு?"

"நம்ம செக்ரட்டரி."