ஏழாவது கால்

இரவு வெட்டிய கரண்ட் வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

கடற்படைக்காரன் பூரணியின் குசினிக் கதிரையைத் தூக்கிவந்து, விறாந்தையில் விளக்குக்கு நேரே போட்டு உட்கார்ந்திருந்தான். துவக்கு மடியில் கிடந்தது. பாவம், அவனுக்கும் கண் செருகியது.

கடலைப் பார்த்து நிற்கும் அந்த விளக்கு, இருட்டினால் தானாக எரியும். அதற்கான சின்னச் சர்க்கிட் போர்ட்டைப் பூரணியும் புருசன் யோகலிங்கமும் சேர்ந்து செய்தார்கள். ஒரேயொரு குறை. கரண்ட் போய் வரும்போதெல்லாம் மூன்று தரம் மின்னிவிட்டுத்தான் விளக்கு நின்று எரியும்.

திருகோணமலையில் கரண்ட் போகாத நாள் ஏது? துறைமுகக் காவலரணில் இருந்த கடற்படைக்காரர்கள் அந்த மூன்றையும் எண்ணிவிட்டார்கள்.

நேற்று வந்து, யாருக்குச் சிக்னல் என்று கேட்டார்கள். புருசன் எங்கே என்றும் கேட்டார்கள். தன் தமக்கையின் செத்தவீட்டுக்குப் போனவர், பாதை பூட்டியதால் வரமுடியவில்லை என்றாள். அதை எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

பிறகு விளக்கைப் பற்றியும் பொறுமையாகச் சொன்னாள். போர்ட்டில் உள்ள சிப்புக்குக் கரண்ட் வந்ததும் அதன் கால்களுக்குத் தங்கள் வேலை தெரியாது. புரோகிராம் எழும்பி ஆளுக்கொரு வேலை சொல்லும்வரை அந்தரத்தில் நிற்கும். சுற்றிவளைப்பில் கதவு தட்டப்பட்டால், அடையாள அட்டையை எடுப்பதா சட்டையைப் போடுவதா என்று நாங்கள் தடுமாறுவதில்லையா, அப்படி. விளக்குக்குரிய ஏழாவது கால் அந்தத் தடுமாற்றத்தில் மூன்று தரம் உதறும்.

சுற்றிவளைப்புக் கதையை மட்டும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவுக்கு விசரில்லை.

அதிகாரி ஒரு நாள் தவணை கொடுத்தார். மறுபடி மின்னினால் முகாமுக்கு வரவேண்டும். முகாமுக்குப் போன எதிர்வீட்டு இரத்தினசிங்கம் நாற்பது நாளாகத் திரும்பவில்லை.

காலையில் புரோகிராமின் முதல் வரியிலேயே ஏழாவது காலுக்கு 'அணைந்திரு' என்று எழுதினாள். அந்த வரி ஓடத் தொடங்குமுன் கால் உதறிவிடாமல், நெல்லளவு ரெசிஸ்டர் ஒன்றால் அதை எர்த்தோடு கட்டினாள். பத்து நிமிட வேலை.

சோதித்துப் பார்க்கத்தான் துணிவில்லை. பிழைத்து மின்னினால் அதையும் எண்ணுவார்கள்.

"இவ்வளவு லேசு எண்டா, ஏன் நங்கி முந்தியே செய்யல்ல?"

கடற்படைக்காரன் கண்ணைத் திறக்காமலே கேட்டான். நங்கி என்றால் அவன் பாஷையில் தங்கச்சி.

"நேரம் கிடைக்கேல்லை, சேர்."

அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை.

பக்கத்து வீட்டு ரேடியோ திடீரென்று அலறியது. கரண்ட் வந்துவிட்டது. பூரணி விளக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

விளக்கு எரிந்தது. ஒரு தரம்கூட மின்னவில்லை. ஊரில் உள்ள எல்லா விளக்குகளையும் போல ஒழுங்காக எரிந்தது.

கடற்படைக்காரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தான். கதிரையைக் குசினியிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனான்.

பூரணி வாசல் படலையைச் சாத்தினாள். தப்பிவிட்டாள். சந்தோசப்பட வேண்டும்தான். ஆனால் களைப்புத்தான் வந்தது, உடம்பெல்லாம் கல்லாகிவிட்ட களைப்பு.

விறாந்தையில் நின்று அக்கரையைப் பார்த்தாள். குடாவுக்கு அப்பால் சம்பூர் இருட்டாகக் கிடந்தது. யோகலிங்கம் போன செத்தவீடு அங்கேதான். போனும் இல்லை, கடிதமும் இல்லை, இது நாலாவது மாதம். கிண்ணியா நெல் வியாபாரி ஸெய்னுதீன் எப்படியோ சுற்றி வந்து, யோகலிங்கம் சொல்லிவிட்டதை ஒரே ஒருமுறை அவளிடம் சேர்ப்பித்தார்.

"கரண்ட் வரேக்க எங்கட லைட் மூண்டு தரம் மின்னுறது இஞ்சை தெரியுது. அதைப் பாத்தால் நீர் இருக்கிறீர் எண்டு நித்திரை கொள்ளுவன். திருத்திப்போடாதையும்."

மூன்று தரம் அணைத்துப் போட, மெயின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. காவலரணும் கூப்பிடு தூரத்தில்தான்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கரையில் ஒருவன் இப்போது, ஊர் முழுக்க எரியும் விளக்குகளுக்குள் அந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பான்.