கிரனோலாவில் சீனி இல்லை

"நானூத்திப் பன்னெண்டு," என்றாள் மகள் நிலுக்ஷி, அப்பாவின் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு. ஹாலிஎல டவுன் பார்மசியில் அவளுக்கு வேலை. இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷினை அவள்தான் வாங்கி வந்திருந்தாள்.

அம்மா செபஸ்தியம்மாவுக்கு நாக்கு வறண்டது. ஒரு செம்புத் தண்ணீரை மடமடவெனக் குடித்தாள். கணவர் தேவதாசனின் அண்ணனுக்கு இந்தச் சீனி நோயில்தான் ஒரு காலை வெட்டி எடுத்தார்கள்.

"காலையில கிரனோலாதான குடுத்தேன். அதுல சீனியும் இல்ல, ஓட்ஸும் இல்ல. தேங்காப்பூ, கஜு, பூசணி விதை வறுத்துக் கலந்தது, அவ்வளவுதான்."

"வேற என்னப்பா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. ஜெபத்துக்கு வந்த தோட்டத்து லயத்து ஆளுங்களுக்கு வெறுந் தேத்தண்ணி குடுத்தேன். எல்லார் உள்ளங்கையிலயும் நக்கிக்க சீனி வச்சேன்."

"இந்தக் கையாலயா? கழுவிட்டு வாங்க."

கழுவிய விரலை மறுபடி குத்தியபோது நூற்றிருபதுதான் காட்டியது. விரலில் ஒட்டிய சீனியைத்தான் மெஷின் சொல்லியிருக்கிறது. மூவரும் சிரித்தார்கள். செபஸ்தியம்மா மறுபடி செம்பை எடுத்தாள்.

"பயம் போயும் தாகம் போகலியாம்மா?"

"இது ஒரு மாசமா இருக்கு."

நிலுக்ஷியின் சிரிப்பு நின்றது. அம்மாவின் விரலைக் குத்தினாள். மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கையக் கழுவினீங்களா?"

"சோப்புப் போட்டு, ரெண்டு தரம்."