கயிறு கட்டிய மூன்றாம் நாள்

என் புருஷனுக்குச் சாமி வந்துவிட்டது என்று தெருவே வாசலில் கூடிவிட்டது.

கை நடுங்குகிறது. சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. சுவரில் இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேட்டியில் முடிந்துகொண்டிருக்கிறார். அதைப் பார்த்தும் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

சாமியாவது, பூதமாவது! புதுவயல் அரிசி மில்லில் லாரி ஓட்டும் என் புருஷன் முத்தரசு இருபது வருஷமாகத் தினமும் குடித்தவர். இனித் தொடமாட்டேன் என்று கோவிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினார். இன்று மூன்றாம் நாள்.

நான் காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. குடியைத் திடீரென்று நிறுத்தினவர்கள் படும் இந்தக் கூத்தை வார்டில் எத்தனையோ தடவை பார்த்தவள். போன மாதம் ஒருவரை இப்படித்தான் வேப்பிலை அடித்து நேரத்தைக் கடத்திவிட்டுக் கொண்டுவந்தார்கள். வலிப்பு வந்து வழியிலேயே போய்விட்டார்.

"ஆட்டோவைக் கூப்பிடுங்க மாமா" என்று காலில் விழுந்தேன்.

பெரிய மாமனார் சேவுகப்பெருமாள்தான் கோவில் பூசாரி. கையை நீட்டி மறித்தார்.

"கருப்பரு வந்து நிக்கிறாரு, அவருக்கு ஊசி போடப் போறியாக்கும்? பேசாம அங்குட்டுப் போத்தா."

ஒரு பயல் நகரவில்லை. என் புருஷனுக்கோ கண் மேலே செருகத் தொடங்கியது.

கொண்டையை அவிழ்த்தேன்.

நான் ஆடிய ஆட்டத்தில் தண்ணீர்க் குடம் தெருவுக்கு உருண்டது.

"டேய் சேவுகா! காளி வந்திருக்கேன்டா! எம் புள்ளைய ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேருடா! பஸ்ஸு வேணாம், ஆட்டோ!"

எழுபது வயது மாமனார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இரண்டே நிமிஷத்தில் மூன்று ஆட்டோ வந்தது.

ஊசி போட்டு, குளுகோஸ் ஏற்றி, அவர் கண்ணயர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. டாக்டரம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இத்தனை வருஷமா சாராயம் மூளைக்கு பிரேக் போட்டுச்சு. மூளையும் அதுக்கு ஈடா ஆக்ஸிலேட்டரை மிதிச்சே பழகிருச்சு. திடீர்னு பிரேக்கை மட்டும் கழட்டினா லாரி என்னத்துக்கு ஆகும்? நல்லவேளை, கொண்டுவந்துட்டே."

அழுதேவிட்டேன்.

"இனிமேதான் கவனமா இருக்கணும். குடிச்சா மூளையில டோபமின்னு ஒண்ணு சுரக்கும். அந்தச் சுகத்தை ஒரு தடவை கண்ட மூளை மறக்காது, திரும்பக் கேக்கும். வேணாம்னு சொல்ல நெனைக்கிறதுக்குள்ள வாய் சரின்னு சொல்லிரும்."

"அவரு வாயை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். உட்கார்ந்திருந்த தெரு மொத்தமும் எழுந்து நின்றது. இருபது வருஷமாக என்னைக் குடிகாரன் பொண்டாட்டி என்று சொன்ன வாய்கள் எல்லாம் பொத்திக்கொண்டிருந்தன. மாமனார் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"தாயே, மறுபடி எப்ப வருவீக?"

நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை வியர்த்தது. அதெல்லாம் சும்மா நடிச்சது மாமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வெள்ளிக்கிழமை" என்றேன்.