ஐம்பத்தொன்பதாவது கிண்ணம்

ஐம்பத்தெட்டுக் கிண்ணங்கள் காலி. ஒன்று மட்டும் நிறைந்திருந்தது.

கட்டைவிரல் அளவே உள்ள கண்ணாடிக் கிண்ணங்கள். தட்டின் குழிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் போட்டேன். நிறைந்திருந்ததைத் திட்டிக்கொண்டே கவிழ்த்தேன். திராட்சை ரசம் சிவப்பாகச் சுழன்று ஓட்டைக்குள் போயிற்று.

இது எட்டாவது மாதம்.

மாதத்தின் முதல் ஞாயிறு, சபையார் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து. அது முடிந்ததும் ஆலயத்தின் பின்கட்டுச் சமையலறையில் கிண்ணம் கழுவுவது என் வேலை. யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. மாதத்துக்கு ஒருமுறையாவது என் முகத்தைப் பார்த்து இவர்கள் சங்கடப்பட வேண்டும். அதற்காகத்தான்.

நான் செய்த பாவத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம். அடித்தவனை விட்டு வந்துவிட்டேன்.

"கணவனிடம் திரும்பிப் போய் ஒப்புரவாகும்வரை இந்தப் பந்தியில் இடமில்லை" என்று போதகர் பிரசங்க பீடத்தில் நின்று அறிவித்தார். பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அத்தனை தலையும் என் பக்கம் திரும்பிற்று. இரண்டாம் வரிசையில் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் என்றாள். அவள் மகன் அறைந்ததில் என் இடது காது சரியாகக் கேட்பதில்லை. அந்த ஆமென் மட்டும் நன்றாகக் கேட்டது.

பிறந்த வீட்டிலும் கதவு திறக்கவில்லை. தையல் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன்.

அன்றிலிருந்து என் ஜெபமெல்லாம் சண்டைதான். குழாயைத் திறந்துவிட்டு, ஆண்டவரே, நீரும் அவர்கள் கட்சிதானா என்று கேட்பேன். பதில் வராது. தண்ணீர்தான் வரும்.

மணியடிக்கும் அண்ணன் துடைக்கிற துணியோடு உள்ளே வந்தார். கிண்ணங்களை நிரப்புகிறவரும் அவர்தான். எங்கள் சபையில், பந்திக்கு வருகிறவர்கள் முந்தைய நாளே வந்து பேரேட்டில் பேர் எழுத வேண்டும். எத்தனை பேரோ அத்தனை கிண்ணம்.

"ஏண்ணே, உங்களுக்கு எண்ணத் தெரியாதா? மாசாமாசம் ஒண்ண வீணாக்குறீங்க."

"எனக்கா? ஒம்போது மணிக்குச் சரியா ஒம்போது அடிக்கிறேன்ல."

"போன வாரம் பத்து அடிச்சீங்க."

"அது கை தவறினது." துணியை உதறித் தோளில் போட்டார். "பேரேட்டுல அம்பத்தொம்பது பேரு இருக்கு, அம்பத்தொம்பது ஊத்துனேன். பேரு இருந்தும் நீ வந்து குடிக்கலைன்னா அதுக்கு நானாம்மா பொறுப்பு?"

கையிலிருந்த கிண்ணம் தொட்டிக்குள் நழுவிற்று. உடையவில்லை.

பேரேடு பக்கத்து அறை மேசைமேல் இருந்தது. ஈரக் கையோடு புரட்டினேன். எண், பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர் என்று மூன்று கட்டங்கள். அவரவர் கையால் பேனாவில் எழுதிய ஐம்பத்தெட்டு வரிகள். கடைசி வரி மட்டும் பென்சிலில்.

என் பெயர்.

பக்கத்துக் கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது.

போன மாதத்தைப் பார்த்தேன். அதற்கு முந்தைய மாதத்தையும். எட்டு மாதமும் கடைசி வரி பென்சில்தான். எழுத்து, அறிவிப்புப் பலகையில் வாராவாரம் பார்க்கிற அதே சாய்ந்த எழுத்து. போதகருடையது.

கோழை! ஊரே கேட்க வாயால் துரத்துவாராம், ஒருவருக்கும் தெரியாமல் பென்சிலால் கூப்பிடுவாராம். யாராவது கேட்டால் ரப்பர் வைத்துத் துடைத்துவிடலாம் அல்லவா? பேரேட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

எறியவில்லை. அந்தப் பென்சில் வரியை மறுபடி படித்தேன்.

போதகர் தட்டின்மேல் கை வைத்து ஜெபிக்கும்போது ஐம்பத்தொன்பது கிண்ணமும் அதில் இருந்திருக்கின்றன. என் பங்குக்கும் சேர்த்துத்தான் ஜெபம் ஏறியிருக்கிறது. நான் குழாயடியில் கேட்ட கேள்விக்குப் பதில் எட்டு மாதமாகத் தட்டில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டையில் ஊற்றியவள் நான்.

இது போதகர் வீட்டுப் பந்தி அல்ல. தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனைக்கூட எழுந்து போ என்று சொல்லாமல், பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறிய ஆண்டவருடைய பந்தி. தள்ளியவர்கள் இவர்கள். அவர் தள்ளவில்லை. இவர்களையும் அவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, இத்தனை நாள் அவரையும் சேர்த்துத் திட்டியிருக்கிறேன்.

கோபம் போகவில்லை. போக வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு இனி நான் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை என்று தோன்றியது.

அடுத்த மாதத்துக்கான பக்கத்தைப் பிரித்தேன். பேனாவை எடுத்து முதல் வரியில் என் பெயரை எழுதினேன். அடுத்த தாளிலும் பதிகிற மாதிரி அழுத்தி.

"அடுத்த மாசம் முன்வாசல் வழியா வர்றேண்ணே. போதகர் தன் கையாலேயே தரட்டும். முடியாதுன்னா, அதையும் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

மணியடிக்கும் அண்ணன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்தக் கட்டத்தக் காலியா விடக் கூடாதும்மா. புருஷன் பேரு... இல்லாட்டி..." என்று இழுத்தார்.

அந்தக் கட்டத்தில் போதகர் பெயரை எழுதினேன். முழுப் பெயர், என் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறபடி.