புத்தரிசிப் பாயசம்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் தாலுகா ஆபீஸ் கிளார்க் நயினார் பிள்ளை ஓடம் ஏறினார். ஆற்றின் நடுவே திட்டாக இருந்த துருத்தில் அவர் இறங்கியபோது பெண்கள் குரவையிடும் சத்தம் கேட்டது. அன்று அங்கே அறுவடைத் திருநாள்.

"வாருங்க பிள்ளைவாள், திருநாள் பார்க்க வந்தீங்களா?" என்று ஊர்ப்பெரியவர் பகவதிப்பெருமாள் அவரை இலைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"ஆமா அண்ணாச்சி."

"பையை இப்படித் தாருங்க."

"இருக்கட்டும்" என்று நயினார் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

புத்தரிசிப் பாயசம் வந்தது. வாசலில் கட்டியிருந்த நெற்கதிரில் பச்சை மாறவில்லை.

"இருபது நாள் பொறுத்து அறுத்திருக்கலாமே அண்ணாச்சி?"

"பாயசத்தைக் குடிங்க, ஆறிப்போகும்."

பெரியவரின் மனைவி பொன்னம்மை இன்னொரு கரண்டி ஊற்றினாள். நயினார் இலையை மூடினார். சந்தோஷமாக இருக்கிறவர்களிடம் இன்றைக்கு எதற்கு, நாளைக்கு வந்து சொல்லலாம் என்று எழுந்து கை கழுவினார்.

பகவதிப்பெருமாள் துண்டை நீட்டினார்.

"இனி பையிலே இருக்கிற அந்த நோட்டீஸை எடுங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன். அணையை அடைச்சதும் துருத்து முங்கிப்போகும்னு எங்களுக்கு முன்னமே தெரியும். நெல்லுக்குத்தான் தெரியலை."